மாணாக்கரும் பௌதிகக் கணக்கும்

பௌதிகவியல் என்னும் பாடத்தின்மீது பாடசாலைப் பிள்ளைகளுக்குள்ள அச்சம் பெரும்பாலும் பரிசோதனைசாலையில் உண்டாவதன்று. ஆடியிற் பட்ட ஒளி தெறிப்பதையும், ஊசற்குண்டு அங்குமிங்கும் ஆடுவதையும், நீரில் அமிழ்த்திய கல் நிறை குறைந்து தோன்றுவதையும் அவர்கள் விருப்போடுதான் பார்க்கின்றார்கள். அச்சம் தொடங்குமிடம் பாடநூலின் அத்தியாய இறுதியிலே வரும் பயிற்சிக் கணக்கு. அதுவரை தலையசைத்துக் கேட்டுவந்த மாணாக்கன் அங்கே வந்ததும் எழுதுகோலைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கத் தொடங்குகின்றான்.

அவன் பின்பு செய்வது யாது? கணக்கிலே காணப்படும் எண்களைத் தேடி எடுக்கின்றான். அவற்றுக்குப் பொருந்தும் எழுத்துக்களையுடைய சூத்திரம் ஒன்றை நினைவிலே துழாவுகின்றான். எண்களை அதிலே போட்டுப் பெருக்கியோ வகுத்தோ ஒரு விடையைப் பெறுகின்றான். ஒரு மனிதன் நடந்த கதி செக்கனுக்கு 90 மீற்றர் என்று விடை வந்தாலும், அதன்கீழ் இரண்டு கோடுகளை அழகாக இழுத்துவிட்டு அடுத்த கணக்கிற்குச் சென்றுவிடுகின்றான். மணித்தியாலத்திற்கு 324 கிலோமீற்றர் வேகத்தில் ஒருவர் நடந்து சென்றார் என்று தெருவிலே யாரேனும் சொன்னால் வயிறு குலுங்கச் சிரிக்கக்கூடிய அதே பிள்ளை, தன் அப்பியாசக் கொப்பியிலே அதனைத் தானே எழுதியபோது சிரிப்பதில்லை. கொப்பியிலுள்ள எண்கள் வேறோர் உலகத்தைச் சேர்ந்தவை என்ற எண்ணம் அவனிடத்தே எப்படியோ குடிகொண்டுவிட்டது.

இதனைச் சிறு குறையென்று தள்ளிவிடுவதற்கில்லை. க. பொ. த. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் எந்தத் துறையிலே மேற்கொண்டு கற்பது என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்கின்றார்கள். விஞ்ஞானம் தனக்கு வராது என்று விலகிச் செல்வோருட் பலர் ஆற்றல் இல்லாதவர்களல்லர். கணக்கை வாசிப்பது எவ்வாறு என்று யாரும் கற்பிக்காதவர்கள். தமிழ் ஆசிரியர் ஒரு செய்யுளைக் கற்பிக்கும்போது முதலிலே பதங்களைப் பிரிக்கின்றார். பின்னர் எழுவாய் எது, பயனிலை எது என்று கொண்டுகூட்டுகின்றார். அதன் பின்னரே பொழிப்புரைக்குச் செல்கின்றார். பதம் பிரியாமற் பொழிப்புரையை உருப்போட்டவன் அடுத்த செய்யுளைக் கண்டதும் திகைத்து நிற்கின்றான். சூத்திரத்தை மாத்திரம் உருப்போட்டவனுடைய நிலையும் அதுவே. பௌதிகக் கணக்கு முதலிலே ஒரு வாக்கியம். அதன் பின்புதான் அது கணக்கு.

அந்த வாக்கியத்திலே சில சொற்கள் எண்களை ஒளித்துவைத்துக் கொண்டிருக்கின்றன. "ஓய்விலிருந்து புறப்பட்ட வண்டி" என்றால் தொடக்க வேகம் பூச்சியம் என்பது பொருள். "ஒப்பமான மேசை" என்றால் உராய்வை எண்ணவேண்டியதில்லை என்பது பொருள். "இலேசான இழை" என்றால் இழையின் திணிவைக் கணக்கிற் சேர்க்க வேண்டாம் என்று கணக்கை ஆக்கியோன் கண்ணைச் சிமிட்டுகின்றான். "சீரான வேகத்துடன்" என்ற இரண்டு சொற்கள் ஆர்முடுகல் இல்லை, ஆகவே விளையுள் விசையும் இல்லை என்ற பெருஞ்செய்தியைத் தாங்கி நிற்கின்றன. தரவு போதாது என்று முறையிடும் மாணாக்கன் பெரும்பாலும் இச்சொற்களைத் தாண்டிச் சென்றவனே.

அன்றாட வழக்கிலுள்ள சொல் பௌதிகத்தில் வேறு பொருள் பெறுவதும் உண்டு. கதி என்றால் ஊர்வழக்கில் தலைவிதி. பௌதிகத்திலோ ஓரலகு நேரத்திற் செல்லும் தூரம். அரிசி மூடையொன்றைத் தலையிலே தாங்கி அசையாமல் ஒரு மணித்தியாலம் நிற்கும் கூலியாள் எவ்வளவு வேலை செய்தான் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை என்பது பௌதிகவியலின் விடை. விசை இருந்தது, விசையின் திசையிலே பெயர்ச்சி இல்லை. அந்தக் கூலியாள் இதனை ஒப்புக்கொள்ளமாட்டான். அவனுடைய தசைநார்கள் களைத்திருப்பதும் உண்மையே. ஆயினும் சொல்லின் பொருளை வரையறுத்துக்கொண்டு பேசுவதென்று உடன்பட்ட பின்னர் அந்த வரையறையை விட்டு விலகலாகாது. இலக்கணம் படித்தோருக்கு இது புதிய செய்தியன்று.

அடுத்தது அலகு. மணித்தியாலத்திற்கு 36 கிலோமீற்றர் என்பதைச் செக்கனுக்கு மீற்றராக மாற்றும்படி கேட்டால் வகுப்பிற் பாதிப்பேர் 5 ஆற் பெருக்கி 18 ஆல் வகுத்து 10 என்று சொல்லிவிடுவார்கள். ஏன் 5, ஏன் 18 என்று கேட்டாற் பதில் இல்லை. 36 கிலோமீற்றர் 36,000 மீற்றர். மணித்தியாலம் 3,600 செக்கன். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 10 வருகின்றது. இவ்வளவுதான். குறுக்குவழியை முதலிலே சொல்லிக்கொடுத்து, காரணத்தைப் பின்னர் சொல்வோம் என்று விட்டுவிட்டால் அந்தப் பின்னர் என்னும் நாள் வருவதேயில்லை.

இயக்கம் பற்றிய கணக்குகளிலே எளிமையானதுபோல் தோன்றிப் பலரையும் வீழ்த்துவது சராசரிக் கதி. ஒருவர் 120 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஊருக்கு மணித்தியாலத்திற்கு 40 கிலோமீற்றர் கதியிற் சென்று, அதே வழியால் 60 கிலோமீற்றர் கதியில் மீளுகின்றார். முழுப் பயணத்தின் சராசரிக் கதி என்ன? 50 என்று உடனே கைகள் உயரும். போவதற்கு 3 மணித்தியாலமும் வருவதற்கு 2 மணித்தியாலமும் ஆக 5 மணித்தியாலத்தில் 240 கிலோமீற்றர் செல்லப்பட்டது. ஆகவே விடை 48. மெதுவாகச் சென்ற நேரம் அதிகமாதலால் சராசரி அப்பக்கம் சாய்ந்துவிட்டது. நாற்பதையும் அறுபதையும் கூட்டி இரண்டால் வகுப்பவன் கூட்டலிலே பிழைவிடவில்லை. அந்த மனிதர் வீதியிலே எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை எண்ணிப்பாராமல் விட்டுவிட்டான்.

இயக்கச் சமன்பாடுகளைக் கற்பிக்கும் நூல்கள் பலவற்றில் "ஒரு துணிக்கை" என்று கணக்குத் தொடங்கும். துணிக்கையை யாரும் கண்டதில்லை. பஸ்வண்டியை எல்லாரும் கண்டிருக்கின்றார்கள். ஆகையால் இந்தக் கணக்கைப் பஸ்வண்டியை வைத்தே செய்து பார்க்கலாம்.

பாடசாலை ஒன்றின் முன்னுள்ள வீதியிலே பஸ்வண்டி ஒன்று செக்கனுக்கு 10 மீற்றர், அதாவது மணித்தியாலத்திற்கு 36 கிலோமீற்றர், வேகத்தில் வருகின்றது. சாரதி பிறேக்கை அழுத்தியதும் ஒவ்வொரு செக்கனுக்கும் அதன் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர் வீதம் குறைவதாகக் கொள்வோம். உலர்ந்த தார்வீதியில் நல்ல பிறேக்கு உள்ள வண்டிக்கு இது பொருந்தும். வேகம் பத்திலிருந்து பூச்சியமாவதற்கு 2 செக்கன். அந்த இரண்டு செக்கனிலும் சராசரி வேகம் 5. எனவே வண்டி 10 மீற்றர் சென்று நிற்கின்றது. இங்கே எந்தச் சூத்திரமும் தேவைப்படவில்லை என்பதை நேயர்கள் கவனிக்கலாம். இனி அதே வண்டி இருமடங்கு வேகத்தில், மணித்தியாலத்திற்கு 72 கிலோமீற்றர் வேகத்தில், வருகின்றதென்று கொள்வோம். செக்கனுக்கு 20 மீற்றர். நிற்க 4 செக்கன். சராசரி வேகம் 10. சென்ற தூரம் 40 மீற்றர். வேகம் இருமடங்கானபோது நிற்பதற்கான தூரம் நான்மடங்காயிற்று. வேகத்தின் வர்க்கம் சமன்பாட்டிலே ஏன் வருகின்றதென்று கேட்கும் மாணாக்கனுக்கு இதனைக் காட்டினாற் போதும்: நிற்கும் நேரமும் இரட்டித்தது, அந்நேரத்தின் சராசரி வேகமும் இரட்டித்தது.

கணக்கு இன்னும் முடியவில்லை. சாரதியின் கண் ஆபத்தைக் கண்டு கால் பிறேக்கை அழுத்துவதற்கு ஏறக்குறைய ஒரு செக்கன் செல்லும். அந்த ஒரு செக்கனில் வண்டி முன்னைய வேகத்திலேயே ஓடுகின்றது. ஆகவே முதலாவது வண்டி மொத்தமாக 20 மீற்றரிலும், இரண்டாவது வண்டி 60 மீற்றரிலும் நிற்கும். பிள்ளையொன்று 30 மீற்றர் முன்னாலே திடீரென்று வீதியில் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது வண்டி பிள்ளைக்கு 10 மீற்றர் இப்பால் நின்றுவிடுகின்றது. இரண்டாவது வண்டி? சாரதியின் கால் அசையுமுன்னரே 20 மீற்றர் கடந்துபோயிற்று. எஞ்சியது 10 மீற்றர். இருபதின் வர்க்கம் 400. அதிலிருந்து இருமடங்கு ஐந்து, அதனைப் பத்தாற் பெருக்கியது, 100. மிகுதி 300. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 17.3. மணித்தியாலத்திற்கு 62 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி அந்த இடத்தை அடைகின்றது. எழுபத்திரண்டில் வந்த வண்டி பிறேக்கை முழுமையாக அழுத்திய பின்னும் பத்துக் கிலோமீற்றர் மாத்திரமே குறைந்திருக்கின்றது. இந்த விடையைத் தானே கணித்துப் பெற்ற பிள்ளை மறுநாள் வீதியைக் கடக்கும்போது ஒருமுறை கூடுதலாகத் திரும்பிப் பார்க்கும் என்று எதிர்பார்ப்பதிலே தவறில்லை. பின்னாளிற் சாரதியாகும் பிள்ளையும் அந்த வகுப்பிலேதான் அமர்ந்திருக்கின்றது. மழை பெய்து வீதி நனைந்து, ஐந்து என்ற அந்த எண் மூன்றாகக் குறைந்தால் என்னவாகும் என்பதை வீட்டிலிருந்து செய்துவரும்படி ஆசிரியர் சொல்லலாம்.

விழும் பொருள்களின் கணக்கிற்குத் தென்னையைவிடச் சிறந்த உதாரணம் நமது நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது அரிது. 20 மீற்றர் உயரமுள்ள மரத்திலிருந்து கழன்ற தேங்காய், புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று கொண்டால், 2 செக்கனில் நிலத்தை அடைகின்றது. அடையும்போது அதன் வேகம் செக்கனுக்கு 20 மீற்றர். மேலே கண்ட வேகமான பஸ்வண்டியின் வேகமும் அதுவே. அதே கணத்திற் கழன்ற குரும்பையும் தேங்காயும் எது முன்னாக விழும் என்று கேட்டால், பாரமானது முன்னாக விழும் என்று இன்றைக்கும் வகுப்பிற் பலர் சொல்வார்கள். அரித்தோத்தில் சொன்னதும் அதுவே. ஆகவே பிள்ளைகள் வெட்கப்பட வேண்டியதில்லை. கலிலியோ சாய்தளங்களிலே குண்டுகளை உருட்டி நேரத்தை அளந்து, தம் முடிபுகளை 1638-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே விளக்கினார். 1971-ஆம் ஆண்டில் அப்பலோ 15 பயணத்தின்போது விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொட் காற்றில்லாத சந்திரனிலே சுத்தியலையும் பருந்தின் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. காய்ந்த ஓலை மாத்திரம் ஆடியாடிப் பிந்தி விழுவதற்குக் காரணம் காற்றின் தடை. கணக்கிலே "காற்றுத்தடையைப் புறக்கணிக்க" என்று எழுதியிருப்பது இந்த ஓலையை மனத்தில் வைத்துத்தான்.

சடப்பொருள் பற்றிய கணக்குகளிலே முதன்மையானது அடர்த்தி. திணிவைக் கனவளவால் வகுப்பதே அடர்த்தி என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். இந்தச் சிறு வகுத்தலின் பொருளை மறந்தமையால் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே சற்று விரிவாகச் சொல்வது தகும்.

1983-ஆம் ஆண்டு யூலை 23-ஆந் திகதி கனடாவின் மொன்றியல் நகரிலிருந்து எட்மன்ரன் நகருக்குச் செல்லும் போயிங் 767 விமானம் ஒன்று புறப்பட ஆயத்தமாயிற்று. அதன் எரிபொருள் அளவுகாட்டி இயங்கவில்லை. ஆகவே தாங்கியிலே கோலை இட்டு ஆழம் பார்த்து, இருந்த எரிபொருள் 7,682 லீற்றர் என்று கண்டார்கள். பயணத்திற்கு வேண்டியது 22,300 கிலோகிராம். லீற்றரைக் கிலோகிராமாக மாற்ற அடர்த்தியாற் பெருக்க வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்ட எண் 1.77. கனடா அப்போது பழைய அளவைகளிலிருந்து மெற்றிக்கு முறைக்கு மாறிக்கொண்டிருந்தது, 1.77 என்பது ஒரு லீற்றர் எரிபொருளின் நிறை எத்தனை இறாத்தல் என்பதைக் குறிக்கும் எண். கிலோகிராமுக்குரிய எண் 0.8 அளவினது. கணக்கைச் செய்தவர்கள் பெருக்கலிற் பிழைவிடவில்லை, வகுத்தலிலும் பிழைவிடவில்லை. தாங்கியில் 13,597 கிலோகிராம் இருப்பதாகக் கொண்டு, எஞ்சியதற்கு ஏறக்குறைய 4,900 லீற்றர் மாத்திரம் நிரப்பினார்கள். உண்மையில் நிரப்பியிருக்க வேண்டியது 20,000 லீற்றருக்கு மேல். வேண்டிய எரிபொருளிற் பாதிக்கும் குறைவானதோடு விமானம் வானிலே எழுந்தது. 41,000 அடி உயரத்திற் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, சிறிது நேரத்தில் இரண்டு இயந்திரங்களும் ஓய்ந்தன. விமானத் தலைவர் இயந்திரமில்லாத மிதவை விமானங்களை ஓட்டிப் பழகியவராயிருந்தமையால் அந்தப் பெரிய விமானத்தைப் பருந்துபோல மிதக்கவிட்டு, கிம்லி என்னும் ஊரிலிருந்த பழைய விமானப்படை ஓடுபாதையிலே இறக்கினார். விமானத்திலிருந்த 69 பேரும் உயிர் தப்பினார்கள்.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கக் கணிகருவி வேண்டியதில்லை. ஒரு லீற்றர் நீரின் திணிவு ஒரு கிலோகிராம். விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. நீரிலே கொட்டிய மண்ணெண்ணெய் மேலே மிதப்பதை அடுக்களையிற் கண்டிராதவர் யார்? மிதப்பது நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அதன் ஒரு லீற்றர் 1.77 கிலோகிராமாக இருத்தல் இயலாது. ஒன்றுக்குக் குறைந்த எண்ணே வரவேண்டும். விடையைக் கண்டதும் "இது நடக்கக்கூடியதா?" என்று ஒரு கணம் நின்று கேட்கும் பழக்கத்தைத்தான் ஆசிரியர் கொப்பியிலே திருத்தம் செய்யும்போது வளர்க்க வேண்டும். சிவப்பு மையாற் குறுக்குக்கோடு இடுவதைவிட, "இந்த மனிதனால் இவ்வளவு விரைவாக நடக்க முடியுமா?" என்று ஓரத்தில் எழுதுவது நேரமெடுக்கும் வேலைதான், பயன் அதிலேதான் உண்டு.

மிதத்தல் பற்றிய கணக்கு ஒன்று. விளிம்புவரை நீர் நிறைந்த குவளையிலே பனிக்கட்டித் துண்டொன்று மிதக்கின்றது. பனிக்கட்டி முழுவதும் உருகினால் நீர் வழியுமா? வழியும் என்பார் சிலர். நீர்மட்டம் தாழும் என்பார் சிலர். பனிக்கட்டியின் கனவளவு 100 கன சென்ரிமீற்றர் என்று கொண்டால், அதன் அடர்த்தி 0.92 ஆதலால் திணிவு 92 கிராம். மிதக்கும் பொருள் தன் நிறைக்குச் சமமான நீரை இடம்பெயர்க்கும். ஆகவே நீருள் அமிழ்ந்திருப்பது 92 கன சென்ரிமீற்றர். உருகியபின் அந்த 92 கிராம் பனிக்கட்டி 92 கன சென்ரிமீற்றர் நீராகின்றது. அமிழ்ந்திருந்த இடத்தை அது சரியாக நிரப்புகின்றது; ஒரு துளியும் வழிவதில்லை. விதைநெல்லை உப்புநீரிலிட்டு மிதக்கும் பதரை வடித்தெடுக்கும் உழவரும், முட்டை நல்லதோ கூழோ என்று நீரிலிட்டுப் பார்க்கும் வீட்டுப் பெண்களும் ஆக்கிமிடீசின் தத்துவத்தைப் பெயர் சொல்லாமற் பயன்படுத்துகின்றார்கள். இவற்றையெல்லாம் வகுப்பறைக்கு அழைத்துவரலாம். ஒரு வாளி நீருக்குப் பணச் செலவு இல்லை.

பரீட்சை மண்டபத்திற்குரிய ஒன்றிரண்டு சொற்களை இங்கே சொல்லிவிடலாம். வழிக்குப் புள்ளி உண்டு. ஆகையால் தரவு, படம், பயன்படுத்திய தொடர்பு, அலகு ஆகியன தாளிலே தெரிய வேண்டும். படம் வரையாமல் விசைக் கணக்கையோ ஒளிக் கணக்கையோ தொடங்குபவன் விளக்கில்லாமல் இருட்டிலே திறப்பைத் தேடுபவனை ஒப்பான். எண்களைக் கடைசிவரை எழுத்துக்களாகவே வைத்துக்கொள்வது நன்று என்பாரும் உளர்; முதலிலேயே எண்களை இடுவது நன்று என்பாரும் உளர். இளம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எண்ணே பிடிப்பைக் கொடுக்கின்றது.

ஒளி பற்றிய கணக்குகளுக்கு வருவோம். ஒளிக்குக் கதி உண்டு என்பதை வியாழனின் துணைக்கோள் ஒன்றின் கிரகணங்களை ஆராய்ந்து 1676-ஆம் ஆண்டில் முதன்முதலாகக் காட்டியவர் தென்மார்க்கைச் சேர்ந்த ஓலே றோமர். அக்கதி செக்கனுக்கு ஏறக்குறைய 3,00,000 கிலோமீற்றர். சூரியன் 15 கோடிக் கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. வகுத்தால் 500 செக்கன், அதாவது 8 நிமிடம் 20 செக்கன். காலையிலே முற்றத்தில் விழும் வெயில் அத்தனை நிமிடங்களுக்கு முன்னர் சூரியனை விட்டுப் புறப்பட்டது. மின்னலைக் கண்டு 6 செக்கனின் பின் இடி கேட்டால் மின்னல் எவ்வளவு தூரத்தில் உண்டாயிற்று? ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் செல்வதால் ஏறக்குறைய 2 கிலோமீற்றர். ஒளி வந்த நேரத்தையும் சேர்க்க வேண்டாமா என்று கெட்டிக்கார மாணாக்கன் ஒருவன் கேட்கக்கூடும். கேட்பது நல்லதே. இரண்டு கிலோமீற்றரை மூன்று இலட்சத்தால் அவனையே வகுக்கச் சொல்ல வேண்டும். எதனைச் சேர்ப்பது, எதனை விட்டுவிடுவது என்ற விவேகம் அவ்வகுத்தலில் வந்துசேரும்.

தளவாடியில் ஒருவர் தம் முழு உருவத்தையும் பார்ப்பதற்குத் தமது உயரத்திற் பாதியளவு ஆடி போதும். 160 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 80 சென்ரிமீற்றர். எவ்வளவு பின்னால் நின்றாலும் அதுவே. நம்பாதவர்கள் ஆடியிலே காகிதத்துண்டுகளை ஒட்டிச் சோதித்துப் பார்க்கலாம்.

முறிவுதான் பெரும்பாலாரைத் தடுமாறச் செய்வது. குளத்தின் அடி இருக்குமிடத்திலும் மேலே உயர்ந்து தோன்றும். நேர்மேலே நின்று பார்க்கும்போது தோற்ற ஆழத்தைப் பெற, உண்மை ஆழத்தை நீரின் முறிவுச் சுட்டியாகிய மூன்றில் நான்கால் வகுக்க வேண்டும். அதாவது தோற்ற ஆழம் உண்மை ஆழத்தின் முக்காற்பங்கு. கேணியொன்றின் அடி 120 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருப்பதாகத் தோன்றுகின்றது. உண்மை ஆழம் என்ன? மாணாக்கரிற் சிலர் முக்காலாற் பெருக்கி 90 என்று விடை எழுதுவார்கள்; சிலர் வகுத்து 160 என்பார்கள். எது சரியென்று அறியச் சூத்திரத்தைத் தேடி ஓடவேண்டியதில்லை. நீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும் என்பது தெரிந்தால், உண்மை ஆழம் 120-க்கு மேலேதான் இருக்க வேண்டும். ஆகவே 160.

இந்த எண்ணையும் ஒரு பிள்ளையின் பக்கத்திலே நிறுத்திப் பார்க்க வேண்டும். 140 சென்ரிமீற்றர் உயரமான சிறுவன் ஒருவன் கேணிக்கட்டிலே நின்று தெளிந்த நீரைக் குனிந்து பார்க்கின்றான். அடியிலுள்ள கல் தெரிகின்றது. நீர் தன் கழுத்தளவுக்கும் குறைவென்று அவன் கண் சொல்லுகின்றது. இறங்கினால் நீர் அவன் தலைக்கு மேலே 20 சென்ரிமீற்றர் நிற்கும். கரையிலிருந்து சாய்வாகப் பார்ப்பவனுக்கோ ஆழம் இன்னுங் குறைவாகவே தோன்றும். கேணியும் குளமும் கடனீரேரியும் நிறைந்த ஒரு நாட்டிலே, விடுமுறைக் காலங்களிற் பிள்ளைகள் நீரிற் பலியாகும் செய்தி மீண்டும் மீண்டும் வருகின்ற ஒரு நாட்டிலே, "முறிவுச் சுட்டி" என்னும் அத்தியாயத்தைப் பரீட்சைக்கு மாத்திரம் கற்பித்து விடுவது எவ்வளவு பெரிய குறை! கூரிய ஈட்டியால் மீன் குத்துவோர் மீன் தோன்றும் இடத்திற்குச் சற்றுக் கீழே குறிவைப்பார்கள். எழுத்தறியாத மீனவரும் கண்ணை முழுவதும் நம்புவதில்லை.

முறிவின் விதி எளிதிலே கண்டுபிடிக்கப்பட்டதன்று. கிறித்து பிறந்து இரண்டாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, பத்துப்பத்துப் பாகையாகப் படுகோணத்தை மாற்றி முறிகோணத்தை அட்டவணைப்படுத்தினார்; விதி அவர் கைக்கு எட்டவில்லை. பத்தாம் நூற்றாண்டில் பகுதாதிலே இபின் சால் என்னும் அறிஞர் அதனை அறிந்திருந்தார். ஒல்லாந்தராகிய சினெல் 1621-இல் அதனைக் கண்டார். தேக்காட்டு 1637-இல் அச்சிலே வெளியிட்டார். அறிஞர் பலர் பல நூற்றாண்டுகள் தேடிய விதியை நாற்பது நிமிடப் பாடவேளையிற் கற்றுத் தெளியவில்லையென்று ஒரு பிள்ளையைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர் இந்த வரலாற்றையும் நினைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு கணக்கு. நீருக்குள்ளிருந்து ஒளிக்கதிர் ஒன்று 60 பாகைப் படுகோணத்தில் நீரின் மேற்பரப்பை அடைகின்றது. வளியிலே அதன் முறிகோணம் என்ன? மாணாக்கன் விதிப்படியே செய்கின்றான். 60 பாகையின் சைன் 0.866. அதனை மூன்றில் நான்காற் பெருக்க 1.155 வருகின்றது. எந்தக் கோணத்தின் சைன் 1.155 என்று கணிகருவியைக் கேட்டால் அது பிழை என்று காட்டுகின்றது. கருவி பழுதென்று பக்கத்திலிருப்பவனிடம் இன்னொன்று வாங்கி மீண்டும் அழுத்திப் பார்க்கின்றான். அதுவும் பிழை என்கின்றது. தன் கணக்கிலேதான் பிழையென்று முழுவதையும் வெட்டிவிடுகின்றான். அவன் செய்தது முற்றிலும் சரி. எந்தக் கோணத்துக்கும் சைன் ஒன்றுக்கு மேற்படாது. ஆகவே அந்தக் கதிர் வெளியே வருவதில்லை. அவதிக் கோணமாகிய ஏறக்குறைய 49 பாகையைத் தாண்டியமையால் அது முழுவுட்டெறிப்படைந்து நீருக்குள்ளேயே திரும்பிவிடுகின்றது. நீந்தும்போது நீருள்ளிருந்து சாய்வாக மேலே பார்ப்பவனுக்கு மேற்பரப்பு வெள்ளி பூசிய ஆடிபோலத் தோன்றுவது இதனாலே.

மயிர்போன்ற கண்ணாடி இழையினுள்ளே ஒளி இவ்வாறே சுவருக்குச் சுவர் தெறித்து வெளியே சிந்தாமற் செல்கின்றது. கடலடியிலே கிடத்தப்பட்ட அத்தகைய இழைகள் வழியாகத்தான் கடல் கடந்து வாழும் உறவினரின் தொலைபேசிக் குரல் இன்று பெரும்பாலும் வந்து சேர்கின்றது. கண்ணாடியின் முறிவுச் சுட்டி ஏறக்குறைய ஒன்றரை. ஆகவே அதனுள் ஒளியின் கதி செக்கனுக்கு 2,00,000 கிலோமீற்றர். 10,000 கிலோமீற்றர் நீளமான இழையைக் கடக்க அதற்குச் செல்லும் நேரம் ஒரு செக்கனில் இருபதில் ஒரு பங்கு.